முதல் வாடிக்கையாளர்

அத்தியாயம் 6

"செத்தவன்கூட திரும்பி வர மாட்டான் தேவகிம்மா. இந்த ஆளு அழிக்க அழிக்க வரான்!"

கண்ணாடிக் கடை முதலாளி புவனேசன் மேசையைத் தட்டியதில், அதன்மேல் நின்ற பிரேம்களில் இரண்டு குப்புற விழுந்தன. அலோர் ஸ்டாரில் முப்பது வருடமாக ஊர்க் கண்ணைப் பரிசோதிப்பவர். இன்றைக்கு அவர் கண்ணே சிவந்து கிடந்தது.

தேவகியக்கா பதறவில்லை. விழுந்த பிரேம்களை நிமிர்த்தி வைத்தார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கால்கட்டுகளையும் பொய்த் தீ விபத்துகளையும் விசாரித்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். கீழே ஆபீஸ், மாடியில் வீடு. வீட்டில் அவர் மட்டும்தான். வாசல் பலகையில் 'சங்கிலிமுத்து மகள் தேவகி, தனியார் புலனாய்வு' என்று எழுதி வைத்திருக்கிறார். அப்பா பெயர் முதலில் நிற்பதால் பாதிப் பேர் உள்ளே வந்து என்னைப் பார்த்து, "சங்கிலிமுத்து அண்ணனா?" என்பார்கள். சங்கிலிமுத்து போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. நான் அம்மாசி. காடி ஓட்டுவது, கதவு தட்டுவது, அடி விழும் இடங்களில் முன்னால் நிற்பது என் பொறுப்பு.

"முதல்லேருந்து சொல்லுங்க பாஸ்," என்றார் அக்கா.

புவனேசன் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் கடைக்கு ஒரு சிஸ்டம் வைத்தார். யார் எப்போது கண்ணாடி வாங்கினார், யாரை எப்போது கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் மென்பொருள். வெளிநாட்டுக் கம்பெனி இடத்தில் நம் வாடிக்கையாளர் பெயர் எதற்கு என்று, கடையிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, அதையே சேர்வராக்கி, அதற்குள் இந்த மென்பொருளை வைத்துக் கொடுத்தவன் லோகேஸ்வரன். பாக்கார் ஆராங்கில் இருக்கிறான். அந்த சேர்வர் இப்போது மேசைக்கடியில் முனகிக்கொண்டிருந்தது. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அதன் நெற்றியில் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன.

"மூணு வாரத்துக்கு முந்தி, எதிர்த்தாப்ல புதுசா ஒரு கண்ணாடிக் கடை வந்திச்சு. வந்த மறுநாளே என் ஆளுங்களுக்கெல்லாம் அவன் மெசேஜ் போகுது, பேரச் சொல்லி! யாரோ என் லிஸ்ட்ட எடுத்துட்டான். காஞ்சனாவ விட்டு சிஸ்டத்தப் பாக்கச் சொன்னேன். மொத ஆளே யாருன்னு தெரியல. தர்மலிங்கமாம். என்கிட்ட ஒரு ஸ்குரூகூட வாங்கினதில்ல. அழிச்சோம். மறுநாள் காலையில உக்காந்திருக்கான். நாலு தடவ அழிச்சாச்சு லா!"

"லோகேஸ்வரன் என்ன சொல்றாரு?"

"நேத்துலேருந்து அவன் போன் ஆப். சாயங்காலம் என் வேன் டிரைவர அனுப்பிப் பாத்தேன். வீட்டுல பூட்டு தொங்குது, வாசல்ல மோட்டார் சைக்கிளும் இல்ல. ஓடிட்டான். அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்பறம் போலீஸ் ரிப்போர்ட்தான். கெடா மாநிலம் முழுக்க ஒரு கடைக்காரன் அவன உள்ள விட மாட்டான்."

அக்கா தன் கைப்பேசியை எடுத்து எதையோ தேடி மேசைமேல் வைத்தார்.

"பாஸ், போன வருசம் நான் உங்ககிட்ட கண்ணாடி போட்டேன். தீபாவளிக்கு என்னை ஒரு வாட்ஸாப் குரூப்புல சேத்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"வாழ்த்து சொல்ல. எல்லா கஸ்டமரையும் சேத்தேன். அதுக்கென்ன?"

"இருநூத்து நாப்பது பேரு. ஒவ்வொருத்தர் பேரும் நம்பரும் மத்த எல்லாருக்கும் தெரியுது. பதினேழாவது ஆளப் பாருங்க. எதிர்க்கடைக்காரர் சம்சாரம்."

புவனேசன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அந்தம்மா நல்ல கஸ்டமர் ஆச்சே…" என்றார் ஈனமாக.

"லிஸ்ட்ட திருடல பாஸ். மாலை போட்டு, வாழ்த்தோட நீங்களே அனுப்பி வெச்சிருக்கீங்க," என்றேன். என் வாய் அப்படி. அக்கா முறைத்தார்.

புவனேசன் தணிந்தாலும் முழுதாக விடவில்லை. "சரி, அது என் தப்பு. அப்ப இந்தத் தர்மலிங்கம் யாரு? ஏன் திரும்பத் திரும்ப வரான்? வெச்சவன் ஏன் ஓடினான்? அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான்."

கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காஞ்சனா கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். கடைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"பேரு ஏன் ஒத்தையா இருக்கு?" அக்கா கேட்டார். "மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு பேரு இருக்கே."

"இந்த சிஸ்டம் வெள்ளக்காரன் செஞ்சதுக்கா. கடைசிப் பேரு இல்லாம உள்ள விடாது. நம்ம ஆளுங்களுக்கு ஏது கடைசிப் பேரு? அப்பா பேரப் போட்டு வெச்சிருக்கோம். மொதப் பேரக் காலியா விட்டா ஒண்ணும் சொல்லாது. நான் வந்த புதுசுல தெரியாம எல்லாரையும் கடைசிப் பேர வெச்சே கூப்பிட்டு, 'எங்கப்பா செத்து எட்டு வருசமாச்சு, அவருக்கு எதுக்குடி கண்ணாடி'ன்னு திட்டு வாங்கினேன்."

"இவரோட பேசியிருக்கீங்களா?"

"வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை. பத்து மணியானா 'தர்மலிங்கத்தைக் கூப்பிடவும்'னு சிஸ்டம் காட்டும். கண்ணாடி சரியா இருக்கான்னு கேக்கணும். கேட்டா, 'இருக்கு இருக்கு, நீங்க சாப்பிட்டீங்களா'ம்பாரு. அப்பறம் நானும் அதையே கேக்க ஆரம்பிச்சிட்டேன்."

கூப்பிட்ட பிறகு குறிப்பு எழுத அதில் ஓர் இடம் இருந்தது. காஞ்சனா வாரா வாரம் எழுதியிருந்ததை அக்கா மெதுவாகப் படித்தார். 'நாசி லெமாக்.' 'ரொட்டி மட்டும்.' 'சமைக்கவில்லையாம், ஒரு ஆளுக்கு எதற்கு என்றார்.' 'சம்பல் நன்றாக வந்ததாம், சிரித்தார்.' கடைசியில் இன்றைய தேதியில்: 'எடுக்கவில்லை. மூன்று முறை.'

"எப்பவும் மொத மணியிலேயே எடுத்துடுவாருக்கா," என்றாள் காஞ்சனா. "எனக்கு மனசே சரியில்ல."

அக்கா தர்மலிங்கத்தின் எண்ணுக்குத் தன் கைப்பேசியிலிருந்து அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு லோகேஸ்வரனின் எண். அணைந்திருந்தது.

"ஒண்ணு செத்துக் கிடக்கு, ஒண்ணு அடிக்குது," என்று முணுமுணுத்தார். பிறகு காஞ்சனாவிடம், "தெனம் தானா நடக்கற வேலைக்கு சேர்வர்ல ஒரு பட்டியல் இருக்குமாமே. அதத் தொறக்க முடியுமா?"

திரையோரம் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் பார்த்துக் காஞ்சனா தட்டினாள். கறுப்புத் திரையில் சில வரிகள் வந்தன. அவற்றில் ஒன்று, தினமும் காலை ஆறு மணிக்கு முதல் வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று பார், இல்லையென்றால் பழைய குறிப்புகளோடு மறுபடி சேர் என்று சேர்வருக்குச் சொன்னது. அதற்கு மேலே மனிதர்கள் படிப்பதற்காகத் தமிழில் ஒரு வரி.

'தயவுசெய்து இவரை நீக்க வேண்டாம்.'

"தயவுசெய்துன்னு எழுதி வெச்ச திருடன நான் பாத்ததில்லக்கா," என்றேன்.

"நானும் பாத்ததில்ல." அக்கா புவனேசனிடம் திரும்பினார். "இத வைக்க லோகேஸ்வரனுக்கு எத்தன நாளாச்சு?"

"ஒரு நாள் வேலைன்னான். மத்தியானமே ஓடுது, எல்லாம் சரியா இருக்கு. ஆனா மறுநாளும் வந்தான், அதுக்கு மறுநாளும் வந்தான். சும்மா உக்காந்து எதையோ தட்டிக்கிட்டு, கட்டிட்டு வந்த சோத்த இங்கயே சாப்பிட்டுட்டுப் போனான். மந்தமான ஆளு போலன்னு நெனச்சேன்."

அக்கா பையை எடுத்துக்கொண்டார். "அவர உங்களுக்குக் காட்டினது யாரு?"

"பெண்டாங் பரஞ்சோதி."

பெண்டாங் வரும்வரை இரண்டு பக்கமும் வயல். அறுவடை முடிந்து வெறும் நெல்தாள் நின்றது. வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். நடுவில் என் மனைவி இரண்டு முறையும், சின்ன மகள் ஒரு முறையும் கூப்பிட்டார்கள். அக்காவின் கைப்பேசி மடியில் சும்மா கிடந்தது. வேலை விஷயம் இல்லாமல் அது அடித்து நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நான் நினைத்ததும் இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பரஞ்சோதி, அறுவடை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கிறவர். கை நிறைய கிரீஸ். அக்கா தர்மலிங்கம் பெயரைச் சொன்னதும் பரஞ்சோதி சிரித்தார்.

"அவரா? எனக்கும் ஒரு தர்மலிங்கம் இருக்காருங்க. மொத கஸ்டமர். ஒரு பெல்ட்டுகூட வாங்கினதில்ல. புதன்கிழமைக்குப் புதன்கிழமை கூப்பிடணும். என் கிளார்க் கூப்பிடுவான்."

"நேத்து எடுத்தாரா?"

கிளார்க் உள்ளிருந்து குரல் கொடுத்தான்: "எடுக்கல. 'எடுக்கவில்லை'ன்னு அமுக்கினேன். சிஸ்டம் அடுத்த புதனுக்குத் தள்ளிடுச்சு."

அக்காவின் முகம் மாறியது. "லோகேஸ்வரன் வேற எந்தெந்தக் கடைக்கு வெச்சுக் கொடுத்தாரு?"

பரஞ்சோதியே மூன்று கடைக்கு அடித்தார். டியூசன் சென்டரில் ஒரு தர்மலிங்கம், ஞாயிறு. டயர் கடையில் ஒரு தர்மலிங்கம், திங்கள். எல்லாவற்றிலும் அதே எண். மூன்றாவது, சுங்கை பட்டாணியில் பூக்கடை வைத்திருக்கும் செல்லாயி. அந்த அழைப்பு போய்க்கொண்டிருந்தபோதே, லோகேஸ்வரன் வேலை முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். பரஞ்சோதி கோப்பிலிருந்து உருவினார். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர் எழுதியிருந்தது.

லோகேஸ்வரன் த/பெ தர்மலிங்கம்.

"அப்பா பேரு!" என்றேன்.

"தன் பேரக் காலியா விட்டுட்டு, சிஸ்டம் கட்டாயம் கேக்கற பேர மட்டும் போட்டிருக்காரு. ஞாயிறு, திங்கள், புதன், வியாழன், மிச்சமிருக்கற செவ்வாய் பூக்கடைக்கு. அஞ்சு கடை, அஞ்சு நாள். தெனம் யாராவது ஒருத்தர் கூப்பிடணும்." அக்கா பேச்சை நிறுத்திக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "செல்லாயிக்கா, உங்க தர்மலிங்கம் செவ்வாக்கிழமை எடுத்தாரா?"

"எடுத்தாரே. கோழி வாங்கி வெச்சிருக்கேன், சாயங்காலம் ஆக்கணும்னாரு." அந்தம்மாள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அது நம்ம லோகேசு தம்பிதாம்மா. மொத நாளே குரல் தெரிஞ்சிபோச்சு. கேக்க ஆளில்லாமத்தானே அப்படிப் பண்ணியிருக்கு? நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. காட்டினா வெக்கப்பட்டு நிறுத்திடுமே."

அக்கா நன்றி சொல்லி வைத்தார். ஆறு மாதமாக அந்தப் பூக்காரம்மாவுக்குத் தெரிந்தது, துப்பறியும் எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அம்மாசி, நேத்து போன அந்த வேன் டிரைவரக் கூப்பிடு. பூட்டு கிரில்லுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமான்னு கேளு."

கேட்டேன். டிரைவர் யோசித்தார். "கைய உள்ள விட்டு ஆட்டிப் பாத்தேண்ணே…" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது.

உள்ளே இருக்கிறவன்தான் உள்பக்கம் பூட்டுவான்.

"மோட்டார் இல்லன்னாரே?" என்றேன் ஓடிக்கொண்டே.

"தாமான் வரிசை வீட்டுல மோட்டார் திருட்டுக்குப் பயந்து ஹாலுக்குள்ள ஏத்தி வைக்கறது உனக்குத் தெரியாதா? நீயே வைக்கற. அவர் போன் சார்ஜ் இல்லாமச் செத்துப்போச்சு. அடிக்கறது தர்மலிங்கம் நம்பருக்குன்னு வெச்ச பட்டன் போனா இருக்கும், ஒரு வாரம் தாங்கும்." காடிக் கதவைச் சாத்தினார். "நல்லா மிதி அம்மாசி. இன்னைக்கு வியாழன். நாளைக்கும் சனிக்கும் இங்க வார லீவு, எந்தக் கடையும் கூப்பிடாது. நாமளும் விட்டா ஞாயித்துக்கிழமைதான்."

பாக்கார் ஆராங்குக்கு எத்தனை நிமிடத்தில் போனேன் என்பதைச் சொல்ல மாட்டேன். என் லைசென்ஸ் எனக்கு வேண்டும். அந்தப் பயணத்தில் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

வரிசை வீடுகளில் நடு வீடு. இரண்டு பக்கமும் துணி காய்ந்தது. யாரோ வீட்டில் தொலைக்காட்சி ஓடியது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் எட்டிப் பார்த்து, ஊருக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன் என்றார் தன் மொழியில். பூட்டு உள்பக்கம்தான் தொங்கியது. சன்னல் கண்ணாடிகளுக்கிடையில், ஹாலில் மோட்டாரின் கைப்பிடி தெரிந்தது. அக்கா தர்மலிங்கத்தின் எண்ணுக்கு அடித்தார்.

உள்ளே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஜாக்கிக் கம்பியைக் கொடுத்துப் பூட்டை நெம்பினேன். அது தெறித்தபோது என் கையும் கிழிந்தது. பின்பக்கம், குளியலறை வாசலில் அவர் கிடந்தார். நாற்பது வயது இருக்கும். வலது கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எட்டும் தூரத்தில் தாழ்வான குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அடுப்பு மேடையில் செவ்வாய்க்கிழமைக் கோழி, நாறிப்போய்.

"யாரு?" உதடு மட்டும் அசைந்தது.

"புவனேசன் கண்ணாடிக் கடையிலேருந்து வரோம் தம்பி," என்றார் அக்கா, தரையில் உட்கார்ந்து.

கண்ணைத் திறக்க முயன்றார். "அப்ப… இன்னைக்கு வியாழக்கிழமையா?"

ஆம்புலன்சைக் கூப்பிடும் சாக்கில் வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா அவர் தலையை மடியில் வைத்து, கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா தோட்டத்துல தனியா இருந்தாருக்கா. செத்து நாலு நாள் கழிச்சித்தான் தெரிஞ்சிச்சு. நான் இங்கதான் இருந்தேன். மோட்டார்ல நாப்பது நிமிசம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்கும் அப்படி ஆகிடக் கூடாதுன்னு… தப்புதான்."

"மணி கேட்டுச்சா?"

"நேத்து ஒரு தடவ. இன்னைக்கு நெறைய தடவ. மேசைக்குப் போக முடியல."

"எல்லாத்தையும் எழுதினீங்களே தம்பி, எடுக்கலன்னா என்ன செய்யணும்னு ஏன் எழுதல?"

லோகேஸ்வரன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"எடுக்கலன்னா வருவாங்கன்னு நெனச்சேன்கா."

தேவகியக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு புவனேசனுக்குத் தகவல் சொன்னேன். மணி நான்கு. "மடையன்," என்றார். "வந்து சும்மா உக்காந்திருக்கலாமே. நான் என்ன எந்திரிச்சுப் போடான்னா சொல்லப் போறேன்?" குரல் உடைந்து வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, கைத்தடி ஊன்றிக்கொண்டு லோகேஸ்வரன் எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஐந்து கடைகளுக்கும் போய் விடுபட்ட வரியைச் சேர்த்துவிட்டு வந்திருந்தார். இனி எடுக்காவிட்டால் திரை சிவப்பாகும், 'நேரில் போய்ப் பார்க்கவும்' என்று சொல்லும், யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதும்வரை மாறாது. நமக்கும் ஒரு சிஸ்டம் வேண்டும் என்று அக்கா அவரை அழைத்திருந்தார். மொத்தமே எட்டு வாடிக்கையாளர் வைத்திருக்கும் எங்களுக்கு எதற்கு என்று நான் கேட்டேன். அக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். வேலை ஒரு நாளில் முடிந்தது. லோகேஸ்வரன் மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் என் மனைவி மூன்று பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆபீசைத் திறந்து கணினியைப் போட்டேன். திரையில் ஒரே ஒரு வேலை காத்திருந்தது.

'வாடிக்கையாளர் எண் 1: சங்கிலிமுத்து. தினமும் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடவும். பொறுப்பு: அம்மாசி.'

"செத்தவருக்கு எப்படிக்கா போன் போடறது?" என்று மாடியைப் பார்த்துக் கத்த வாயெடுத்தேன். முதல் பெயர் காலியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு அடித்தேன். மாடியில் கைப்பேசி அடிப்பது கேட்டது. இரண்டாவது மணிக்கு முன்னால் எடுத்துவிட்டார்.

"சாப்பிட்டீங்களாக்கா?" என்றேன்.